ஆறு நாள் அந்தமான், ஓர் அக்கா, ஒரு தம்பி: எதை இப்போதே முடிவு செய்வது?

கேள்வி: நானும் தம்பியும் பிப்ரவரியில் அந்தமான் போகிறோம். செவ்வாய் காலை 10 மணிக்குப் போர்ட் பிளேரில் இறங்குகிறோம். ஞாயிறு மதியம் 12 மணிக்குச் சென்னை திரும்பும் விமானம். டிக்கெட் எடுத்ததோடு சரி, வேறு எதுவும் செய்யவில்லை. “போய்ப் பாத்துக்கலாம்க்கா. எல்லாத்தையும் ப்ளான் பண்ணினா அது டூர் இல்ல, ஆபீஸ்” என்கிறான். எனக்கோ நாளைக்கு எங்கே படுப்போம் என்று தெரியாவிட்டால் இன்றைக்குத் தூக்கம் வராது. ஹேவ்லாக், நீல் இரண்டையும் பார்க்க வேண்டும். அவனுக்கு ஸ்கூபா ஆசை. எனக்கு நீச்சல் தெரியாது, கடலில் போனால் வாந்தியும் வரும். போதாததற்கு பாராடங் குகை, முடிந்தால் நிக்கோபார் என்றும் சொல்கிறான். யார் சொல்வதைக் கேட்பது? – மதுரை வாசகி

பதில்:

உங்கள் தம்பி சொல்வது முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் பணமும் விமானமும் கைவிட்டுப் போகும்.

அந்தமானில் தரையில் செய்கிற எதையும் முந்தின நாள் இரவு சாப்பிட்டுக்கொண்டே முடிவு செய்யலாம். கடலைத் தாண்டுகிற எதையும் அப்படி விட முடியாது. உங்கள் பயணத்தில் கடலைத் தாண்டுவது மூன்றே முறை: போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக், அங்கிருந்து நீல், நீலிலிருந்து மறுபடி போர்ட் பிளேர். இந்த மூன்று ஃபெர்ரி டிக்கெட்டையும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். ஃபெர்ரி உறுதியானால் எந்த இரவு எந்தத் தீவு என்பது தானாக உறுதியாகிவிடும், ஐந்து இரவுக்கும் அறை போட்டுவிடலாம். அதற்கு மேல் ஒரு வரிகூட எழுதி வைக்க வேண்டாம். இரவுகள் உங்கள் பொறுப்பு, பகல்கள் தம்பி பொறுப்பு.

டிக்கெட் எடுக்க உட்காரும்போது ஊர்ப்பெயர் குழப்பும். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. சுதந்திரப் போராட்ட வெற்றியின் அடையாளமாக வைத்ததாகச் சொன்னார்கள், சோழர் கடற்படைத் தளமாக இருந்த இடம் என்றும் சொன்னார்கள். ராஜேந்திர சோழன் படையெடுத்துப் போய் அடித்த ஊரின் பெயர்தான் ஸ்ரீவிஜயம் என்பது வேறு விஷயம். டிக்கெட்டிலும் பலகையிலும் புதுப் பெயர் இருக்கும், ஆட்டோக்காரர் வாயில் பழைய பெயர்தான் வரும்.

வரிசை இப்படி இருக்கட்டும். செவ்வாய் இரவு போர்ட் பிளேர். புதன் காலை ஃபெர்ரியில் ஹேவ்லாக், அங்கே புதன், வியாழன் இரண்டு இரவு. வெள்ளி காலை நீல், அங்கே ஓர் இரவு. சனி மதியத்துக்கு மேல் போர்ட் பிளேர், அங்கே கடைசி இரவு.

தம்பி உடனே கேட்பார்: பத்து மணிக்கே இறங்குகிறோமே, அன்றைக்கே ஹேவ்லாக் ஓடிவிட்டால் ஒரு நாள் மிச்சம்தானே? விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதித்தால் மதிய ஃபெர்ரி போய்விடும், அந்த டிக்கெட் பணமும் போய்விடும். அதைவிட அன்று மதியம் செல்லுலார் சிறைக்குப் போங்கள். 1906-இல் கட்டி முடித்தது. சக்கரத்தின் ஆரக்கால்போல நடுக் கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகள் இருந்தன, இன்று மூன்றுதான் நிற்கின்றன. ஒவ்வொரு சிறகின் முகப்பும் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருப்பதைக் கவனியுங்கள். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த அமைப்பு. நிதானமாகச் சுற்ற இரண்டு மணி நேரம் வேண்டும்.

கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வைப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஞாயிறு காலை நீலிலிருந்து கிளம்பி நேரே விமான நிலையம் போகிற கணக்கு காகிதத்தில் சரியாகத்தான் வரும். ஆனால் காற்று கிளம்பினால் துறைமுகம் ஃபெர்ரியை நிறுத்திவிடும். ஃபெர்ரிக்காரர்கள் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவார்கள், விமானக் கம்பெனி தராது. பிப்ரவரியில் கடல் பெரும்பாலும் அமைதிதான், இரண்டு பருவமழைக்கும் இடைப்பட்ட நல்ல மாதம். இருந்தாலும் வங்காள விரிகுடா யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஃபெர்ரியில் இரண்டு வகை. தனியார் படகுகள் வேகமானவை, முழுக்க ஏசி, கண்ணாடி அடைத்த கூடம். ஹேவ்லாக்குக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கம்பெனியையும் வகுப்பையும் பொறுத்து ஒரு தடவைக்கு ஆளுக்கு 1,200 முதல் 2,500 ரூபாய்வரை ஆகலாம். அரசுக் கப்பல் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும், கட்டணம் குறைவு, மேல்தளத்தில் காற்றாட நிற்கலாம். ஆனால் அது தீவுக்காரர்களின் டவுன் பஸ். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள் அதில்தான் போகிறார்கள், டிக்கெட்டும் பயணத்துக்குச் சில நாள் முன்புதான் திறப்பார்கள். ஆறு நாள் பயணத்தை அதை நம்பிப் போட முடியாது, தனியார் ரத்தானால் மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் படகுத்துறை எது என்றும் பாருங்கள். தனியார் படகுகள் பெரும்பாலும் ஹேடோ துறையிலிருந்து, அரசுக் கப்பல் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து. மாறிப் போனால் விடியற்காலையில் ஆட்டோ தேடி ஓட வேண்டியிருக்கும்.

மூன்றில் முதலில் எடுக்க வேண்டியது ஹேவ்லாக்–நீல் டிக்கெட். அதில்தான் படகுகள் குறைவு. அது கிடைத்த நேரத்துக்கு மற்ற இரண்டையும் பொருத்துங்கள். பலர் போர்ட் பிளேர் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். பெயர் ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். இனிஷியலை ஒன்றில் விரித்தும் இன்னொன்றில் சுருக்கியும் போட்டால் துறையில் கேள்வி வரும். அசல் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

வாந்திக்கு: அவோமின் மாதிரி மாத்திரையைப் படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். ஆட ஆரம்பித்தபிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். ரத்தக்கொதிப்பு, ஆஸ்துமா, வேறு மருந்து ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் ஆகாது, பூரி மசாலும் ஆகாது. இரண்டு இட்லி போதும். கீழ்த்தளத்தில் நடுவிலிருந்து பின்பக்கம் உட்காருங்கள், படகின் மூக்குதான் அதிகம் குதிக்கும். போனைப் பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள். மாத்திரை தூக்கம் வரவழைக்கும், அதனால் இறங்கியதும் ஸ்கூட்டர் உங்கள் கையில் வேண்டாம். அன்று ஸ்கூபாவும் வேண்டாம்.

இனி பகல். தம்பி எதை முடிவு செய்தாலும் இரண்டு விஷயத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் செய்ய வேண்டும். ஒன்று வெயில், இன்னொன்று தண்ணீர்.

அந்தமான் மதுரைக்கு வெகு கிழக்கே இருக்கிறது, ஆனால் கடிகாரம் ஒன்றே. அதனால் அங்கே எல்லாம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி நடக்கும். பிப்ரவரி நடுவில் காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும், மாலை ஐந்தரைக்குள் விழுந்துவிடும். ‘நாலரைக்குக் கிளம்பி பீச்சுக்குப் போகலாம்’ என்ற நம்மூர்ப் பழக்கம் அங்கே செல்லாது. ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை மேற்குப் பார்த்தது, சூரியன் மறைவதற்குப் பெயர்பெற்றது. படகுத்துறையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். மூன்று மணிக்கே அங்கே இருக்க வேண்டும். காலாபத்தர் கிழக்குப் பார்த்தது, காலைக்கு உரியது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு ‘ஒண்ணுமில்ல’ என்று திரும்புகிறவர்கள் உண்டு.

ஸ்கூட்டர் வாடகை நாளுக்கு 500 முதல் 700 ரூபாய். ஓட்டுநர் உரிமத்தின் அசல், ஹெல்மெட் இரண்டும் வேண்டும். எடுக்கும்முன் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், பழைய கீறலுக்குப் பணம் கேட்டால் காட்டலாம். ராதாநகர் சாலையில் இருட்டியபின் விளக்கு கிடையாது, காடு, வளைவு. ஸ்கூட்டர் ஓட்டத் தயக்கமென்றால் போகும்போதே ஆட்டோவைத் திரும்பும் கட்டணத்தோடு பேசி நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தி சாய்ந்தபின் பேசினால் அவர் சொன்னதுதான் விலை.

ராதாநகரில் உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியில் மட்டும் இறங்குங்கள். அதன் ஒதுக்குப்புறத்தில் அமைதியான காயல் ஒன்று இருக்கிறது, நீல்ஸ் கோவ் என்பார்கள். அலையே இல்லை, குளம்போல இருக்கும், நீச்சல் தெரியாதவருக்கு அதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். அங்கே இறங்கவே கூடாது. உப்புநீர் முதலை வரும் இடம் அது. 2010-இல் அந்தப் பக்கம் ஒரு வெளிநாட்டுப் பயணி முதலை தாக்கி இறந்திருக்கிறார். எச்சரிக்கைப் பலகை சும்மா வைத்ததல்ல.

தண்ணீர் விஷயத்தை நீல் தீவை வைத்துச் சொன்னால்தான் புரியும். அங்கே எல்லோரும் பார்க்கப் போவது இரண்டு: பவளப்பாறை அரித்து உண்டான இயற்கைப் பாலம், பரத்பூர் கடற்கரையில் தண்ணீருக்கடியில் பவளம். பாலத்துக்குத் தண்ணீர் வற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடந்து போகும் பாறைத்தளம் மூழ்கிக் கிடக்கும். பரத்பூருக்குத் தண்ணீர் ஏறியிருக்க வேண்டும், வற்றினால் படகு தரைதட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வாய்க்காது.

கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது இன்று நான்கு மணிக்கு வற்றினால் நாளை அதே வற்றம் நாலே முக்காலைத் தாண்டித்தான் வரும். போனில் போர்ட் பிளேர் ஓத அட்டவணையை (டைட் டேபிள்) தேடி எடுங்கள். ஒரு நாளுக்கு நான்கு நேரங்கள் இருக்கும், பக்கத்தில் மீட்டரில் ஓர் எண். சின்ன எண் வற்றம், பெரிய எண் ஏற்றம். 0.3 என்று இருந்தால் பாறை நன்றாக வெளியே தெரியும், 0.9 என்றால் அரைகுறை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் நன்றாக வற்றும், அட்டமி பக்கம் வித்தியாசம் குறையும். கையில் நாள்காட்டி இருந்தாலே பாதி தெரிந்துவிடும்.

உங்களுக்கு நீலில் இருப்பது வெள்ளி மதியமும் சனி காலையும். வெள்ளியன்று மாலை நான்குக்கு வற்றம் என்று அட்டவணை சொன்னால், மூன்று மணிக்குப் பாலம். சனி காலை பத்தரை வாக்கில் தண்ணீர் ஏறி நிற்கும், அப்போது பரத்பூர். மாறாக வெள்ளி காலை பத்துக்கு வற்றம் என்றால் அன்று மாலை நான்கை ஒட்டித் தண்ணீர் ஏறும், வெள்ளி மாலை பரத்பூர். சனி காலை பத்தே முக்கால் வற்றத்துக்குப் பாலம். இதற்காகத்தான் சனிக்கிழமை ஃபெர்ரியை மதியத்துக்கு மேல் எடுக்கச் சொன்னேன். காலை ஃபெர்ரி எடுத்தால் இரண்டில் ஒன்றை இழப்பீர்கள்.

பாலத்துக்கு வற்ற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்குங்கள், தண்ணீர் திரும்பத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். வழி முழுக்கக் கூரான செத்த பவளம், மேலே பாசி. ரப்பர் செருப்பு வழுக்கும், வாருள்ள சாண்டல் வேண்டும். குழிகளில் தேங்கிய நீரில் கடல் அட்டையும் சின்ன மீன்களும் கிடக்கும். கை வைக்காமல் பார்க்க வேண்டியதுதான். நீல் சின்னத் தீவு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சைக்கிளே போதும்.

ஸ்கூபாவை வியாழன் காலைக்கு வையுங்கள். ஹேவ்லாக்கில் முதல்முறை இறங்குவோருக்கான அறிமுக டைவ் இருக்கிறது, 3,500 முதல் 5,000 ரூபாய்வரை கேட்பார்கள். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. பயிற்றுநர் கடைசிவரை உங்களைப் பிடித்தபடியே இருப்பார், 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார். ஓர் ஆளுக்கு ஒரு பயிற்றுநரா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். இரண்டு பேருக்கு ஒருவர் என்றால் நீங்கள் இறங்க வேண்டாம்.

பெரும்பாலானோருக்குச் சிக்கல் பயத்தால் வருவதில்லை, காதால் வருகிறது. இரண்டு மூன்று மீட்டரிலேயே காது அழுத்தும். வலி வருமுன்பே மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெல்ல ஊத வேண்டும். ‘பொட்’டென்று திறக்கும். மீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். திறக்கவில்லை என்றால் கையசைத்துக் காட்டிவிட்டு ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி ஊதவும், பலமாக ஊதிக் கிழித்துக்கொள்ள வேண்டாம். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் இல்லை. ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். தம்பிக்கு அடர்த்தியான மீசை என்றால் முகமூடிக்குள் தண்ணீர் கசியும், மேலுதட்டில் கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொள்ளட்டும்.

டைவ் முடிந்து உடனே விமானம் ஏறக் கூடாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும். ஒரு டைவுக்குக் குறைந்தது 12 மணி நேரம், இரண்டு மூன்று டைவுக்கு 18. வியாழனில் முடித்தால் இந்தக் கவலையே இல்லை.

பாராடங்கை இந்த முறை விடுங்கள். போர்ட் பிளேரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் காலை ஆறு மணிக்கு முதல் வாகனத் தொடர் கிளம்பும், அதைப் பிடிக்க விடியற்காலை மூன்றரைக்குள் புறப்பட வேண்டும். பிறகு காடு, வண்டியேற்றும் ஃபெர்ரி, அலையாத்திக் காட்டு ஓடையில் அரை மணி நேரப் படகு, ஒன்றரை கிலோமீட்டர் நடை. முழு நாள் போய்விடும், அந்த நாள் உங்களிடம் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. வண்டியை நிறுத்துவது, படம் எடுப்பது, எதையாவது கொடுப்பது எல்லாம் குற்றம். குகைக்கு என்று சொல்லிக்கொண்டு அந்த மக்களை வேடிக்கை பார்க்கவே பலர் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேர் குறைந்தால் நல்லதுதான்.

நிக்கோபார் கேள்விக்கு ஒரே வரி: பெரும்பகுதி பழங்குடிப் பகுதி, அங்கே சுற்றுலாவுக்கு அனுமதி கிடையாது. ராஜேந்திரன் மெய்க்கீர்த்தியில் ‘மாநக்கவாரம்’ என்று வருவது அதுதான் என்று தம்பிக்குச் சொல்லிச் சமாதானப்படுத்துங்கள்.

அறை விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தமான் தேனிலவுச் சந்தை. ஆணும் பெண்ணும் என்று இரண்டு பேர் பதிந்தால் பெரிய கட்டிலில் ரோஜா இதழ் தூவி, மெழுகுவத்தி டின்னரும் போட்டு வைத்திருப்பார்கள். ‘அக்கா, தம்பி, இரண்டு தனிக் கட்டில்’ என்று பதிவில் எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஹேவ்லாக்கில் காலை எட்டு, ஒன்பதுக்கே அறையைக் காலி செய்யச் சொல்லும் விடுதிகள் உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு ஆளுக்கு 8,000 ரூபாய் ரொக்கமாக ஒரே பர்ஸில் போட்டுவிடுங்கள். சாப்பாடு, ஆட்டோ, ஸ்கூட்டர், நுழைவுச்சீட்டு எல்லாம் அதிலிருந்து. நீலில் சிக்னல் போய்விட்டால் யுபிஐ சுற்றிக்கொண்டே நிற்கும், ஏடிஎம்மையும் நம்ப முடியாது. டைவ் மாதிரி ஒருவர் ஆசைக்கான செலவு அவரவர் கணக்கு. ‘நேத்து நான் குடுத்தேன்ல’ என்ற பேச்சுக்கே இடமிருக்காது. சாப்பாட்டுக்குப் போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் இட்லி, சாம்பார் கிடைக்கும், தமிழிலேயே ஆர்டர் சொல்லலாம். ஹேவ்லாக்கிலும் நீலிலும் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள்தான் அதிகம். சாதத்தோடு மீன் குழம்பு அருமையாக இருக்கும், கடுகெண்ணெய் வாசனை ஆகாதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கிளம்பும் நாள் காலையில் தம்பியின் பையில் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து ஒருமுறை பாருங்கள். கரையில் கிடந்த செத்த பவளத்துண்டானாலும் எடுத்து வருவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். விமான நிலைய ஸ்கேனரில் அது பளிச்சென்று தெரியும்.